சேற்றில் படுக்க டிக்கெட்

நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்கு முப்பது வயது வாக்கில்தான் இடுப்பு என்று ஒன்று இருப்பது தெரியவரும். அதுவரை அது பெல்ட் மாட்டுகிற இடம், அவ்வளவுதான். முதலில் தைலம் தேய்ப்போம். பிறகு பக்கத்து ஸீட்காரர் சொன்ன எண்ணெய். பிறகு தலையணையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பாயில் படுத்துப் பார்ப்பது. எதற்கும் மசியவில்லை என்றால் டாக்டர், எக்ஸ்ரே, கடைசியில் "ஒண்ணுமில்லே ஸார், நல்லா நடங்க" என்கிற அருள்வாக்கு. உலகம் பூராவும் இதே வரிசைதான். ஐரோப்பாக்காரர்களிடம் மட்டும் இதில் ஒரு படி கூடுதல். சேறு!

நிஜச் சேறுதான். கருப்பாக, வழவழவென்று, லேசான அழுகிய முட்டை வாசனையோடு. அதைச் சூடு பண்ணி முதுகில் அப்பி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே கம்பளி போர்த்தி இருபது நிமிஷம் படுக்கப் போடுகிறார்கள். அப்புறம் கெட்டியான உப்புத் தண்ணீரில் மிதக்கவிடுகிறார்கள். இதற்குக் காசு வாங்குகிறார்கள். கொடுக்கிறவர்களும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள். இத்தாலியில் வெந்நீர் ஊற்று ஊர்களில் தருகிற சேற்றுச் சிகிச்சைக்கு டாக்டர் சீட்டு இருந்தால் அரசாங்கமே பெரும்பகுதிச் செலவை ஏற்கிறது. ஆகவே ஏதோ பணக்காரக் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

எனக்கு இந்தச் சமாசாரம் வாய்த்தது சித்தி பையன் புண்ணியத்தில். அவன் பௌதிக ஆசாமி. இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ட்ரியெஸ்ட் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே அப்துஸ் ஸலாம் 1964-ல் ஆரம்பித்த சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம் இருக்கிறது. நம் பக்கத்துப் பௌதிகக்காரர்கள் சில மாதம் அங்கே போய் கரும்பலகையில் கிறுக்கிவிட்டு வருவார்கள். அப்படிப் போன தம்பியைப் பார்க்கப் போனேன். ரயிலில் வளைந்து நெளிந்து உட்கார்ந்து நான் வந்து சேர்ந்த கோலத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, பக்கத்துல ஸ்லோவேனியா. அங்க உப்பளத்துல ஒரு ஸ்பா இருக்காம். போலாமா?"

"உப்பளத்துலயா? என்னடா சொல்றே? மாமா கேட்டா சிரிப்பாரு."

எங்கள் மாமா தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். உப்பளம் என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கண்ணைக் குத்தும் வெயிலும், வெடித்த பாதங்களும்தான். அங்கே துண்டு கட்டிக்கொண்டு படுத்து ஓய்வெடுக்கலாம் என்ற எண்ணம் எங்கள் பரம்பரையில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

ஸ்லோவேனியா சின்ன தேசம். கடற்கரை மொத்தமே ஐம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தக் கொஞ்சூண்டில் பிரான் என்று வெனிஸ் நகரத்தைச் சுருட்டி வைத்தாற்போல் ஓர் ஊர், அதற்கு அடுத்து போர்த்தோரோஷ் (ரோஜாத் துறைமுகம் என்று அர்த்தம்), அதையும் தாண்டி குரோஷிய எல்லையை ஒட்டி செச்சோவ்லியே உப்பளம். த்ராகோன்யா என்ற சிறிய ஆறு கடலில் விழும் இடம். எழுநூறு வருஷங்களுக்கு மேலாக அங்கே உப்பு எடுக்கிறார்கள். வெனிஸ் குடியரசு, ஆஸ்திரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா, 1991-லிருந்து ஸ்லோவேனியா என்று கொடிகள் மாறிக்கொண்டே இருந்தன. பாத்தி மாறவில்லை. 2000-களில் இந்த உப்பளத்தை எடுத்து நடத்தியது ஒரு மொபைல் போன் கம்பெனி என்றால் நம்புவீர்களா? மொபிடெல் என்று பெயர். டவருக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தம்பியும் கேட்டான். பதில் கிடைக்கவில்லை.

சேற்று வைத்தியத்தை இங்கே தொடங்கி வைத்தவர்கள் சாமியார்கள். போர்த்தோரோஷ் மேட்டில் புனித லாரன்ஸ் மடத்தில் இருந்த பெனடிக்டின் துறவிகள் 13-ம் நூற்றாண்டிலேயே கீழே உப்பளத்திலிருந்து சேறும் உப்பு நீரும் கொண்டுவந்து வாதம், நீர்க்கோவை என்று வந்தவர்களுக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பல நூறு வருஷம் அது கைவைத்தியமாகவே கிடந்தது. 19-ம் நூற்றாண்டுக் கடைசியில் ஆஸ்திரியப் பேரரசின் சீமான்களுக்குக் கடற்கரை மோகம் வந்தது. கடற்காற்று வாங்கினால் எல்லா வியாதியும் போகும் என்று வியன்னா டாக்டர்கள் சொல்ல ஆரம்பித்த காலம். 1902-ல் ட்ரியெஸ்டிலிருந்து பரென்ஸானா என்ற குட்டி ரயில் விட்டார்கள் (1935-ல் நிறுத்தியும் விட்டார்கள்). 1910-ல் போர்த்தோரோஷில் அரண்மனை மாதிரி பேலஸ் ஹோட்டல் எழும்பியது. மடத்துச் சேறு மகாராஜா சேறாகிவிட்டது.

நாங்கள் போனது ஹோட்டலுக்கு அல்ல, உப்பளத்துக்கே. அங்கே பாத்திகளுக்கு நடுவில் 2013-ல் திறந்த ஒரு திறந்தவெளி ஸ்பா இருக்கிறது. பெயர் லேபா வீதா. 'அழகி வீதா' என்று அர்த்தம். ஸ்லோவேனிய நாட்டுப்பாடல் ஒன்றின் நாயகி. நோயாளிக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுக் கடற்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளை, தூரதேசத்து ராணியின் குழந்தைக்குப் பாலூட்ட வா என்று ஆசைகாட்டிக் கப்பலேற்றிக் கொண்டுபோய்விடுகிறான் ஒருவன். அவள் அங்கே ஜன்னலோரம் நின்று ஊரை நினைத்து அழுதுகொண்டே இருக்கிறாள். ஓய்வெடுக்க வருகிற இடத்துக்கு வைக்கிற பெயரா இது?

சுற்றிலும் தட்டையான தண்ணீர். வானம் அப்படியே தரையில் கிடக்கிறது. கொக்கும் நாரையும் நடக்கின்றன. (1993-லேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்ட ஈரநிலம் இது.) மரப்பலகை மேடை, குளம், கட்டில்கள். எங்கிருந்தும் சினிமாப் பாட்டு இல்லை. அதுவே பாதி வைத்தியம்.

சேறு எப்படிச் சேறாகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இது தெரிந்தால் மீதி சுலபம்.

கடல்நீரை மதகு வழியாக உள்ளே விடுகிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். ஆனால் எல்லாம் சாப்பாட்டு உப்பு இல்லை. பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலிலும் காற்றிலும் தண்ணீர் வற்ற வற்ற, உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். பாதிக்குமேல் வற்றுகிறபோது சுண்ணாம்பு சமாசாரம் கீழே இறங்குகிறது. இன்னும் வற்றினால் ஜிப்சம். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் நம் சோடியம் குளோரைடு பரல் பரலாக விழுகிறது. அதை வாரி எடுத்த பிறகும் ஒரு தண்ணீர் மிச்சம் இருக்கும். எண்ணெய் மாதிரி கொழகொழப்பு, வாயில் வைத்தால் ஒரே கசப்பு. மெக்னீசியமும் பொட்டாசியமும் புரோமைடும் அதில்தான். ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹெட்கிளார்க் மாதிரி, மெக்னீசியம் கடைசிவரை நகராது. அந்தத் தண்ணீருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அக்வா மாத்ரே, அதாவது தாய்நீர். குளிப்பாட்டுவது இதில்தான்.

சேறு, பாத்திகளுக்கு அடியில் இருக்கிற களிமண். கடலும் ஆறும் கொண்டுவந்து சேர்த்தது. வருஷக்கணக்கில் அதன்மேல் கெட்டி உப்புநீர் நின்று ஊறுகிறது. காற்றுப் புகாத அந்த அடிமண்ணில் சில பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றிக்கொண்டே இருக்கும். அது இரும்போடு சேர்ந்தால் கருப்பு. முட்டை வாசனையும் அவர்கள் உபயமே. இத்தாலிய மொழியில் இதற்கு ஃபாங்கோ என்று பெயர். என்னமோ மந்திரப் பெயர் என்று நினைத்தேன். ஃபாங்கோ என்றால் சேறு. அவ்வளவுதான்.

இந்த உப்பளத்தில் இன்னொரு விசேஷம், சேற்றுக்கும் உப்புக்கும் நடுவில் ஒரு பாய் விரித்திருக்கிறது. பெத்தோலா என்பார்கள். நுண்பாசியும் பாக்டீரியாவும் ஜிப்சமும் களிமண்ணும் சேர்ந்து சில மில்லிமீட்டர் தடிமனுக்கு வளர்கிற ஒரு படலம். இதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். 14-ம் நூற்றாண்டில் ஏட்ரியாட்டிக் கடலின் பாக் தீவிலிருந்து கற்றுக்கொண்டு வந்த வித்தை. இது இருப்பதால் உப்பு மண்ணோடு கலக்காமல் வெள்ளையாக வருகிறது. சீஸனில் நல்ல வெயில் அடித்தால் தினம் தினம் உப்பு வாருகிறார்கள், மரப்பலகையால். மேலே நடந்தால் பாய் கிழிந்துவிடுமே என்று பாதத்தில் பலகைச் செருப்பு கட்டிக்கொள்வது வழக்கம். வருஷா வருஷம் இந்தப் பாயைச் சீவி, ஊறப்போட்டு, உருட்டிப் பதப்படுத்தாவிட்டால் செத்துப்போகும். அதாவது இங்கே இயற்கை என்று போர்டில் எழுதியிருப்பதெல்லாம் ஆள் வைத்து வளர்க்கப்படுவது. இதே உப்பளத்தின் தெற்குப் பாதியில் 1960-களின் கடைசியில் உப்பெடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கே போய்ப் பார்த்தோம். கூரை விழுந்த கல்வீடுகள், கரை உடைந்த பாத்திகள். இரண்டு மூன்று வீடுகளை மட்டும் சரிபண்ணி மியூசியம் வைத்திருக்கிறார்கள்.

சரி, படுத்த கதைக்கு வருவோம்.

சேற்றை அப்பியவுடன் எனக்குத் தோன்றிய முதல் சந்தேகம்: இவ்வளவு சூடு எப்படித் தாங்குகிறது? அதே சூட்டில் தண்ணீர் ஊற்றினால் "ஐயோ" என்றிருப்பேன். தம்பி பக்கத்துக் கட்டிலில், கழுத்துவரை சேறோடு, ராமாயணத்துக் கரடி மாதிரி படுத்துக்கொண்டு விளக்கினான்.

"அண்ணே, ரசமும் வெண்பொங்கலும் ஒரே நேரத்துல இறக்கி வச்சா எது சீக்கிரம் ஆறும்?"

"ரசம்."

"ஏன்? ரசம் உள்ளுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். சூடான தண்ணி மேல வரும், ஆறினது கீழ போகும். பொங்கல் சுத்தாது. மேல ஆறியிருக்கும், நடுவுல நாக்கைச் சுட்டுரும். சேறும் அப்படித்தான். தோல் பக்கத்துல இருக்கற கொஞ்சம் சேறு உங்களுக்குச் சூட்டைக் குடுத்துட்டு ஆறிடும். பின்னாடி இருக்கறது மெதுவா, மெதுவா அனுப்பிக்கிட்டே இருக்கும்."

"அதனால?"

"அதனால தோல் வேகாம தசைக்குச் சூடு போகுது. தசை இளகும், ரத்த ஓட்டம் கூடும், வலி குறையும். வெந்நீர் ஒத்தடம்தான். ஆனா பொறுமைசாலி ஒத்தடம்."

இருபது நிமிஷம் கழித்துக் கழுவிவிட்டு உப்புநீரில் இறங்கினோம். அன்று காலை ஷேவ் செய்துகொண்டவர்களை அங்கே உடனே கண்டுபிடித்துவிடலாம். இறங்கிய மாத்திரத்தில் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நீச்சல் தெரியாத எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. காலை ஊன்ற முடியவில்லை. கால் தானாக மேலே வந்துவிடுகிறது. மல்லாந்துவிட்டால் உடம்புக்குக் கனம் என்பதே இல்லை. பல வருஷமாக என்னைத் தூக்கிச் சுமந்த முதுகெலும்புக்கு முதல் தடவையாக கேஷுவல் லீவ் கிடைத்தது. சாயங்காலம் நிமிர்ந்து நடந்தேன். பொய் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை இடுப்பு தன் பழைய குணத்தோடு வந்து ஆஜராகிவிட்டது. அதையும் சொல்லியாகவேண்டும்.

ஆகவே ஊர் திரும்பியதும் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். சேறு நிஜமாகவே மருந்தா, இல்லை அழகான இடத்தில் சும்மா படுத்திருந்ததால் வந்த சுகமா? இதைச் சோதித்துப் பார்ப்பது கஷ்டம். மாத்திரை என்றால் ஒருவருக்கு நிஜ மாத்திரை, இன்னொருவருக்கு சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். சேறு அப்பாமல் சேறு அப்பியதாக எப்படி நம்பவைப்பது? சாக்கடல் பக்கத்தில் இருக்கும் இஸ்ரேலிய டாக்டர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 58 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நிஜச் சாக்கடல் சேறு, இன்னொரு பிரிவுக்கு உப்பும் தாதுவும் கழுவி எடுத்த சேறு. 2002-ல் வெளியான முடிவில் நிஜச் சேறு போட்டவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. சூடு மட்டுமல்ல, உப்புக்கும் பங்கு உண்டு என்று சந்தேகிக்க இடம் கொடுக்கிறது. ஆனால் 58 பேர்தான். நம் தெருவில் ஒரு கல்யாணப் பந்திக்கு இதைவிடக் கூட்டம் வரும். முடக்குவாதத்துக்குக் குளியல் வைத்தியம் பற்றி வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்து 2015-ல் காக்ரேன் அமைப்பு அலசிவிட்டு, பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று கைவிரித்துவிட்டது. பலன் இல்லை என்றும் அவர்கள் சொல்லவில்லை.

மெக்னீசியம் தோல் வழியாக உள்ளே புகுந்து ரத்தத்தில் கலந்து உடம்பு பூராவும் சரிசெய்யும் என்று விளம்பரக் காகிதங்களில் போடுகிறார்கள். 2017-ல் அதற்கென்றே ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. நிரூபணம் ஆகவில்லை என்பதே அதன் சாரம். தோல் என்பது வெளியிலிருப்பதை உள்ளே விடாமல் இருப்பதற்காகவே படைக்கப்பட்ட உறுப்பு. விளம்பரத்துக்காக அது தன் வேலையை விட்டுவிடாது.

ஆனால் தோலுக்கே நல்லதா என்று கேட்டால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஜெர்மனியில் கீல் பல்கலைக்கழகத்து டாக்டர் ப்ரோக்ஷ் குழுவினர் 2005-ல் வெளியிட்டது: எக்ஸிமா மாதிரி வறண்ட தோல் உள்ளவர்களை அழைத்து, ஒரு முன்னங்கையைச் சாக்கடல் உப்புக் கரைசலிலும், இன்னொன்றைச் சாதா குழாய்த் தண்ணீரிலும் தினம் 15 நிமிஷம் வைக்கச் சொன்னார்கள். உப்பில் ஊறிய கையில் ஈரம் நின்றது, சொரசொரப்பும் சிவப்பும் குறைந்தது. ஆள் ஒன்று, கை இரண்டு. எனக்குப் பிடித்த பரிசோதனை இது. ஸோரியாஸிஸ் என்கிற செதில் தோல் வியாதிக்கு உப்புநீர்க் குளியலோடு அளவான புற ஊதா வெளிச்சமும் சேர்த்துக் கொடுப்பதை ஜெர்மனியின் பொது மருத்துவ இன்ஷூரன்ஸ் 2008-ல் ஏற்றுக்கொண்டது. ஜெர்மன்காரர்கள் சும்மா பணம் கொடுக்கிற ஜாதி இல்லை.

ஆக, மூட்டுக்கும் முதுகுக்கும் சில நாள் சுகம், சூட்டினாலும் மிதப்பினாலும் லீவினாலும். தோலுக்கு, சிலருக்கு, நிஜமான உதவி. கான்சரையும் சர்க்கரையையும் சேறு தீர்க்கும் என்று எவராவது சொன்னால் பர்ஸை உள்ளே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். இருதயக் கோளாறு, கட்டுப்படாத பிரஷர், காய்ச்சல், ஆறாத புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சூட்டுச் சேறு பக்கமே போகக்கூடாது. இடுப்புவலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்கமுடியாமல் போவது என்று ஏதாவது இருந்தால் சேறும் வேண்டாம், தைலமும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி, அன்றைக்கே.

போனில் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்ன மருமகனே, துட்டைக் குடுத்தா சேத்துல கெடக்கானுவ?"

"ஆமா மாமா. முதுகுக்கு நல்லதாம்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"அதான பாத்தேன். நம்ம ஆளுவ எட்டு மணி நேரம்லா நிக்கும்."

அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் சிரிப்புச் சமாசாரம் இல்லை. விடியும் முன்பே பாத்தியில் இறங்குகிறவர்கள், அதில் நிறையப் பேர் பெண்கள். உப்புப் பரல் கிழித்த இடத்தில் மறுபடி உப்புத் தண்ணீர். பாதம் வெடித்து, ஆறாமல், கெட்டித்துப்போகும். வெள்ளைவெளேரென்று கிடக்கும் உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கெடுக்கும். பாத்திக்கு நடுவில் கழிப்பறை ஏது? அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிற பெண்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்த சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள், வெயிலின் கொடுமை சிறுநீரகத்தைத் தாக்குவதை 2023-ல் எழுதியிருக்கிறார்கள். அதே கடல், அதே மெக்னீசியம், அதே கசப்புத் தண்ணீர். கீல் பல்கலைக்கழகத்தில் பதினைந்து நிமிஷம் ஊறிய கைக்கும் இந்தக் கால்களுக்கும் நடுவில் இருப்பது கடிகாரம் ஒன்றுதான்.

செச்சோவ்லியேயிலும் பழைய கதை அப்படித்தான். ஏப்ரல் 24, புனித ஜார்ஜ் தினத்தன்று பிரான் ஊர்க் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு படகேறி உப்பளத்துக்கு வருவார்கள். கீழ்த்தளத்தில் உப்பு, மேல்தளத்தில் குடும்பம். பெண்டாட்டி பிள்ளைகள் உட்பட எல்லோரும் பாத்தியில் வேலை செய்வார்கள். ஆகஸ்ட் 24, புனித பர்த்தலோமியு தினத்துக்குத்தான் ஊர் திரும்புவது. அந்த நாலு மாதத்தில் ஒரு நல்ல மழை அடித்தால் அத்தனை உப்பும் கரைந்து போயிற்று. போர்த்தோரோஷில் சீமான்கள் சேற்றில் சுகமாகப் படுத்திருந்த அதே வருஷங்களில் கீழே இது நடந்துகொண்டிருந்தது. மியூசியத்தில் அந்தச் சமையலறையும் மரக்கட்டிலும் அப்படியே இருக்கின்றன. நான் பார்த்த மட்டில் கட்டிலில் மெத்தை கொஞ்சம் மெலிசு. முதுகுவலிக்கு அவர்கள் என்ன போட்டார்கள் என்று ஒரு போர்டும் இல்லை.

"ஒண்ணு கேக்கணும் மருமகனே" என்றார் மாமா கடைசியில். "அங்க வேல செய்றவனுக்கு அந்தச் சேத்துக் குளியல் ஓசியா?"

தெரியாது என்றேன். நான் கேட்காமல் வந்த கேள்வி அது. தம்பிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், விசாரித்துச் சொல்லடா என்று.

உப்பளக் கடையில் சேற்றை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் ஒன்று வாங்கி வந்தேன். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, "என்ன ஸார் இது?" என்றார். சேறு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் மூடிக் கொடுத்துவிட்டார். அத்தை நாலு நாள் பக்தியோடு முழங்காலில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் போன் வந்தது.

"காலு அப்படியேதான் இருக்குப்பா. மிச்சம் இருந்ததை வச்சு குத்துவிளக்கைத் தேச்சேன். எப்படிப் பளபளன்னு ஆயிடுச்சு தெரியுமா? அடுத்த தடவை போனா ரெண்டு டப்பாவா வாங்கிட்டு வா."